ஹைட்ரஜன் பிணைப்பும் மற்ற வேதிப்பிணைப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதிப்பிணைப்பு பற்றி வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வேர் விட்டிருக்கும். மூலக்கூறுக்கு உள்ளே அணுக்களைப் பிடித்து வைத்திருப்பது ஒன்று. ஒரு மூலக்கூறை அடுத்த மூலக்கூறோடு ஒட்டவைப்பது வேறொன்று. இரண்டையும் 'பிணைப்பு' என்றே சொல்லிப் பழகியதால் எது எது என்று குழம்பிவிடுகிறது. கீழே உள்ள கேள்விகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் படிக்கலாம். முதல் இரண்டை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து வைத்திருப்பதுதானே ஹைட்ரஜன் பிணைப்பு?

இல்லை. பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். தப்பு பெயர் வைத்தவர்கள்மீது. ஒரு நீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அது சகப்பிணைப்பு. ஹைட்ரஜன் பிணைப்பு என்பது ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள ஈர்ப்பு.

எண்களைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். உள்ளே இருக்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பின் நீளம் சுமார் 96 பிகோமீட்டர். அதை உடைக்க மோலுக்கு 460 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் தேவை. இடையே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பின் நீளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதன் வலிமையோ மோலுக்கு 20 முதல் 25 கிலோஜூல்தான், அதாவது இருபதில் ஒரு பங்கு.

இந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் பலமாக இழுக்கும். ஹைட்ரஜனிடம் இருப்பதே ஒரே ஒரு எலக்ட்ரான். அதுவும் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்துவிட்டால், வெளியே தெரிவது ஏறக்குறைய வெறும் புரோட்டான். மற்ற அணுக்களுக்கு உள்கூட்டு எலக்ட்ரான்கள் போர்வைபோல இருக்கும். ஹைட்ரஜனுக்கு அந்தப் போர்வையே கிடையாது. அதனால் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனில் உள்ள தனித்த இணை எலக்ட்ரான்கள் (பிணைப்பில் சேராமல் ஜோடியாக நிற்பவை) அதன் மிக அருகில் வந்து நிற்க முடிகிறது. ஹைட்ரஜனுக்கு மட்டும் இப்படி ஒரு தனிப் பிணைப்பு வாய்த்ததற்கும், சோடியம் பிணைப்பு, மக்னீசியம் பிணைப்பு என்று எதையும் பாடத்தில் நாம் படிக்காததற்கும் இதுவே காரணம்.

நீர் கொதிக்கும்போது எந்தப் பிணைப்பு உடைகிறது?

ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும். ஆவியான பிறகும் ஒவ்வொரு மூலக்கூறும் முழு நீர் மூலக்கூறாகவே இருக்கிறது. சகப்பிணைப்பு உடைந்தால் கிடைப்பது நீராவியாக இருக்காது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயுவாக இருக்கும். அப்புறம் அடுப்புப் பக்கம் யாரும் நிற்க முடியாது.

கணக்கும் இதையே சொல்லும். 100 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் நீரை ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். அதே ஒரு மோல் நீரின் உள்பிணைப்புகள் எல்லாவற்றையும் உடைக்க வேண்டுமானால் 900 கிலோஜூலுக்கு மேல் ஆகும். தேர்வுத்தாளில் 'நீரின் பிணைப்புகள் வலுவானவை, எனவே கொதிநிலை அதிகம்' என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். எந்தப் பிணைப்பு என்று சொல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

அயனி, சக, உலோகப் பிணைப்பு என்று ஏன் இத்தனை வகை?

அடிப்படையில் எல்லாம் ஒன்றுதான்: நேர்மின்னும் எதிர்மின்னும் ஈர்த்துக்கொள்வது. எலக்ட்ரான்கள் எங்கே போய் நிற்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் பெயர் மாறுகிறது.

சோடியத்திடம் இருந்து ஒரு எலக்ட்ரான் குளோரினுக்குப் போய்விட்டால் அயனிகள். இதை 1916இல் விளக்கியவர் வால்தர் கோசல். அதே ஆண்டில் கில்பர்ட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஒரு இணை எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற கருத்தை வெளியிட்டார். அந்தப் பங்கீட்டுக்குச் சகப்பிணைப்பு என்ற பெயரைச் சில ஆண்டுகளில் பரப்பியவர் இர்விங் லாங்மியூர். உலோகத்தில் எலக்ட்ரான் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லை; எல்லா அயனிகளுக்கும் இடையில் சுதந்திரமாக அலைகிறது. அதனால்தான் உலோகத்தை அடித்துத் தகடாக்க முடிகிறது. அடுக்குகள் நழுவினாலும் நடுவே இருக்கும் எலக்ட்ரான்கள் பிடியை விடுவதில்லை. உப்புப் படிகத்தில் அடுக்கு நழுவினால் நேர் அயனிக்கு எதிரே நேர் அயனி வந்துவிடும். ஒன்றையொன்று தள்ளி, படிகம் நொறுங்கிவிடும்.

ஈதல் சகப்பிணைப்பைத் தனி வகையாக எண்ணத் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணு கொடுக்கிறது, அவ்வளவுதான். அம்மோனியா ஒரு புரோட்டானை ஏற்று அம்மோனியம் அயனி ஆன பிறகு, நான்கு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளில் எது 'ஈந்தது' என்று யாராலும் காட்ட முடியாது. நான்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று சொல்லலாமா?

திட உப்பில் அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இந்தச் சோடியத்தின் துணை எந்தக் குளோரின் என்று கேட்டால் பதில் கிடையாது. வாய்பாடு விகிதத்தை மட்டும்தான் சொல்கிறது. எல்லாப் பக்கமும் இப்படிப் பிடித்திருப்பதால்தான் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கிறது. மக்னீசியம் ஆக்சைடில் அடுக்கு முறை இதேதான். ஆனால் இரு அயனிகளின் மின்சுமையும் இரட்டிப்பு, இடைவெளியும் குறைவு. உருகுநிலை 2,800 டிகிரியைத் தாண்டிவிடுகிறது.

எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு 1.7க்கு மேல் இருந்தால் அயனிப் பிணைப்பு என்ற விதி சரியா?

பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை ஒரு அணு தன் பக்கம் இழுக்கும் திறன்தான் எலக்ட்ரான் கவர்தன்மை. இது கைக்கு அடக்கமான விதிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. லைனஸ் பாலிங் 1932இல் தொடங்கிவைத்த அளவுகோலின் இன்றைய மதிப்புகளில் ஃபுளூரின் 3.98, ஹைட்ரஜன் 2.20. வேறுபாடு 1.78. விதிப்படி ஹைட்ரஜன் ஃபுளூரைடு அயனிச் சேர்மமாக இருக்க வேண்டும். ஆனால் அது தெளிவாகவே சகப்பிணைப்பு மூலக்கூறு. அறை வெப்பநிலையை ஒட்டியே கொதித்து வாயுவாகிவிடும். மறுபக்கம் சோடியம் அயோடைடு: 2.66இல் இருந்து 0.93 போனால் 1.73. ஹைட்ரஜன் ஃபுளூரைடைவிடக் குறைவு. ஆனால் அதுவோ உப்பைப் போலவே படிகமாகி, 660 டிகிரியில் உருகும் அசல் அயனிச் சேர்மம்.

'உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி' என்ற விதியும் இதே கதைதான். நீரற்ற அலுமினியம் குளோரைடைச் சூடாக்கினால் 180 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே பதங்கமாகிவிடும், அதாவது உருகாமல் நேராக வாயுவாகிவிடும். உப்புக்கு உரிய நடத்தை அதுவல்ல. முழு அயனி ஒரு முனை, முழுச் சமப் பங்கீடு மறு முனை. பெரும்பாலான சேர்மங்கள் நடுவில் எங்கோதான் இருக்கின்றன.

பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவருமா?

வராது. எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகும், உருவாகும்போதுதான் வெளிவரும். எரியும்போது வெப்பம் வருகிறதே என்றால், பழைய பிணைப்புகளை உடைக்கச் செலவானதைவிடப் புதிய பிணைப்புகள் உருவாகும்போது கிடைப்பது அதிகம் என்று அர்த்தம். உயிரியல் பாடத்தில் 'ஆற்றல் நிறைந்த பிணைப்பு' என்ற சொல்லைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். அங்கேயும் கணக்கு இதேதான்.

ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பதற்கு என்ன ஆதாரம்?

கொதிநிலை வரிசைதான் எளிய ஆதாரம். ஆக்சிஜன் குடும்பத்தின் ஹைட்ரைடுகளை, அதாவது அந்தத் தனிமங்கள் ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மங்களைப் பாருங்கள். ஹைட்ரஜன் டெலுரைடு மைனஸ் 2 டிகிரியில் கொதிக்கும். செலினைடு மைனஸ் 41இல். சல்ஃபைடு மைனஸ் 60இல். மூலக்கூறு சிறுத்துக்கொண்டே போகப் போக கொதிநிலையும் இறங்குகிறது. இதே போக்கில் போனால் நீர் மைனஸ் 80 வாக்கில் கொதித்திருக்க வேண்டும். கொதிப்பதோ 100இல். 180 டிகிரி எகிறியிருக்கிறது. உலகில் ஆறும் கடலும் இருப்பது அந்த எகிறலால்தான்.

ஹாலஜன் வரிசையிலும் இப்படித்தான். ஹைட்ரஜன் குளோரைடு மைனஸ் 85, ஹைட்ரஜன் ஃபுளூரைடு 19.5. மீத்தேனைப் பார்த்தால் எந்த எகிறலும் இல்லை. ஒழுங்காக வரிசையின் அடியில் மைனஸ் 161இல் நிற்கிறது. கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜனுக்கு அந்த அளவு நேர்மின் தன்மை வருவதில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த ஆதாரம் எத்தனால்–டைமெத்தில் ஈதர் ஜோடி. இரண்டிலும் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். எடை அதே 46. எத்தனாலில் ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது. ஈதரில் ஆறும் கார்பனோடுதான். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது, ஈதர் மைனஸ் 24இல். ஒரே ஒரு ஹைட்ரஜன் இடம் மாறியதற்கு 100 டிகிரிக்கு மேல் வித்தியாசம்.

நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் மட்டும்தானா? குளோரின் ஏன் இல்லை?

நல்ல கேள்வி. குளோரினின் எலக்ட்ரான் கவர்தன்மை 3.16, நைட்ரஜனுடையது 3.04. எண்ணை மட்டும் பார்த்தால் குளோரின் முன்னால் நிற்க வேண்டும். ஆனால் குளோரின் பெரிய அணு. அதன் எதிர்மின் தன்மை பரந்த இடத்தில் பரவிக் கிடக்கிறது. தனித்த இணை எலக்ட்ரான்களும் அதேபோல விரிந்து கிடப்பதால் ஹைட்ரஜனை இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை. கவர்தன்மையும் வேண்டும், அணு சிறியதாகவும் இருக்க வேண்டும்.

'மட்டும்தான்' என்பது பள்ளிப் பாடத்துக்கான சுருக்கம். குளோரோஃபார்மின் ஹைட்ரஜன் கார்பனோடு சேர்ந்திருந்தும், பக்கத்தில் மூன்று குளோரின் இழுப்பதால் அசிட்டோனின் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு அமைத்துக்கொள்கிறது. அவை இரண்டையும் கலந்தால் லேசாகச் சூடாவது அதனால்தான்.

ஹைட்ரஜன் ஃபுளூரைடின் ஹைட்ரஜன் பிணைப்பு நீரைவிட வலுவானது. பிறகு ஏன் நீரின் கொதிநிலை அதிகம்?

வலிமையோடு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். நீர் மூலக்கூறில் கொடுக்க இரண்டு ஹைட்ரஜன், வாங்க இரண்டு இணை எலக்ட்ரான்கள். கணக்கு கச்சிதமாகப் பொருந்துவதால் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பக்கமும் கை கோத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் மூன்று இணை எலக்ட்ரான்கள் இருந்தும் ஹைட்ரஜன் ஒன்றே ஒன்று. அதனால் வலைபோல விரியாமல் சங்கிலியாகத்தான் நீளும். அதோடு ஆவியாகும்போதும் அது முழுதாகப் பிரிவதில்லை. பல மூலக்கூறுகள் கொத்தாகவே கிளம்பிவிடும். அத்தனை பிணைப்பையும் உடைக்கத் தேவையில்லை என்பதால் கொதிப்பது எளிதாகிவிடுகிறது. அம்மோனியாவுக்கு நேர்மாறான குறை: ஹைட்ரஜன் மூன்று, இணை எலக்ட்ரான்கள் ஒன்று. கொதிநிலை மைனஸ் 33தான்.

பனிக்கட்டி ஏன் மிதக்கிறது?

அந்த நான்கு கைகள்தான் காரணம். பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கிக் கை நீட்டி நிற்கிறது. அந்தக் கோணத்தில் நின்றால் நடுவில் அறுகோண வெற்றிடங்கள் விழும். உருகும்போது வலை ஓரளவு குலைந்து, சில மூலக்கூறுகள் அந்த வெற்றிடங்களுக்குள் சரிந்துவிடும். அதனால் நீரின் அடர்த்தி கூடுகிறது. பனிக்கட்டி 0.917, நீர் ஏறத்தாழ 1. உருகிய பிறகும் 4 டிகிரி செல்சியஸ் வரை இந்தச் சரிவு தொடர்கிறது. அதற்கு மேல்தான் வழக்கமான வெப்ப விரிவு ஜெயிக்கிறது.

உருகினால் ஹைட்ரஜன் பிணைப்பெல்லாம் உடைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு மோல் பனிக்கட்டி உருக 6 கிலோஜூல்தான் செலவு. நேரடியாக ஆவியாக்க 51 கிலோஜூல். அதாவது உருகும்போது சிறு பங்குதான் குலைகிறது. திரவ நீரிலும் வலை இருக்கிறது. ஆனால் அங்கே எந்தப் பிணைப்பும் நிலைப்பதில்லை. ஒரு வினாடியை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கோ, சில பங்கோதான் அதன் ஆயுள். அறுந்ததும் வேறொன்றோடு சேர்ந்துகொள்ளும்.

வாண்டர்வால்ஸ் விசைகள் ஹைட்ரஜன் பிணைப்பைவிட எப்போதும் பலவீனமா?

ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்த்தால், ஆம். மொத்தமாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. எலக்ட்ரான் மேகம் ஒரு கணம் ஒரு பக்கம் ஒதுங்கும், பக்கத்து மூலக்கூறின் மேகமும் அதற்கேற்ப ஒதுங்கும். இப்படிப் பிறக்கும் ஈர்ப்பு வாண்டர்வால்ஸ் விசைகளில் ஒன்று, எல்லா மூலக்கூறுகளுக்கும் பொது. எலக்ட்ரான்கள் கூடக் கூட இதுவும் வலுக்கும். ஹைட்ரஜன் அயோடைடு ஹைட்ரஜன் குளோரைடைவிட முனைவு (ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் ஒதுங்கி நிற்பது) குறைந்தது. ஆனால் மைனஸ் 35 வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. அயோடின் எந்த முனைவும் இல்லாமலேயே அறை வெப்பநிலையில் திடப்பொருள்.

பல்லி சுவரில் ஏறுவதும் பெரும்பாலும் இந்த விசையால்தான். அதன் விரல்களுக்கு அடியில் கணக்கற்ற நுண்மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றின் நுனியும் பலவாகப் பிளந்திருக்கும். ஒரு நுனியின் பிடி அற்பம்; எல்லாம் சேர்ந்தால் பல்லியின் எடையைத் தாங்கி மிச்சமும் இருக்கும்.

ஒரே மூலக்கூறுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு வருமா?

வரும். கொடுப்பதும் வாங்குவதும் சரியான தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆர்த்தோ நைட்ரோஃபீனாலில் ஹைட்ராக்சில், நைட்ரோ என்ற இரண்டு தொகுதிகளும் அக்கம்பக்கத்தில் இருப்பதால் தங்களுக்குள்ளேயே கை கோத்துக்கொள்கின்றன. வெளியே யாரோடும் ஒட்டத் தேவையில்லை. 45 டிகிரியில் உருகும், நீராவியோடு சேர்ந்து எளிதாக வெளியேறும். பாரா வடிவில் தொகுதிகள் எதிரெதிர் முனையில் இருக்கின்றன. பக்கத்து மூலக்கூறுகளைத்தான் பிடித்தாக வேண்டும், உருகுநிலை 114. இரண்டையும் நீராவியில் காய்ச்சி வடித்துப் பிரிக்கும் சோதனை இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது.

அசிட்டிக் அமிலம் இன்னொரு வேடிக்கை. பென்சீனில் கரைத்து மூலக்கூறு எடையை அளந்தால் 60க்குப் பதிலாக 120ஐ ஒட்டி வரும். இரண்டு மூலக்கூறுகள் இரட்டை ஹைட்ரஜன் பிணைப்பால் ஜோடி சேர்ந்து நிற்பதுதான் காரணம்.

டி.என்.ஏ.வை ஹைட்ரஜன் பிணைப்புதான் பிடித்து வைத்திருக்கிறதா?

பாதி உண்மை. ஒவ்வொரு இழையும் நீளவாக்கில் சகப்பிணைப்பால் ஆனது. இரண்டு இழைகளுக்கு இடையில்தான் ஹைட்ரஜன் பிணைப்புகள்: அடினின்–தைமின் ஜோடிக்கு இரண்டு, குவானின்–சைட்டோசின் ஜோடிக்கு மூன்று. 1953இல் வாட்சனும் கிரிக்கும் தங்கள் அமைப்பை வெளியிட்டபோது இரண்டு ஜோடிக்கும் இரண்டிரண்டு பிணைப்புகளே காட்டினார்கள். மூன்றாவதைப் பாலிங்கும் கோரியும் 1956இல் சுட்டிக்காட்டினார்கள். சரி, மீதிப் பாதி? படிக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய காரங்களுக்கு (அடினின் முதலான அந்த நான்கு வகை மூலக்கூறு அலகுகளுக்கு) இடையே உள்ள ஈர்ப்பு. சுருள் நிலைத்து நிற்க அதன் பங்கு பெரியது. ஹைட்ரஜன் பிணைப்பின் முக்கிய வேலை யாருக்கு யார் ஜோடி என்று தீர்மானிப்பது. செல் பிரியும்போது இழைகளைப் பிரித்துத்தானே ஆக வேண்டும். அங்கே சகப்பிணைப்பு இருந்திருந்தால் வேலை நடந்திருக்காது.

ஈரத் தலைமுடியைச் சுருட்டிக் காயவைத்தால் ஏன் கொஞ்ச நேரம்தான் நிற்கிறது?

முடியில் உள்ள கெரட்டின் புரதச் சங்கிலிகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கின்றன. நனைந்தால் நீர் மூலக்கூறுகள் நடுவில் புகுந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காயும்போது, முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் பிணைப்புகள் புதிதாக அமையும். மறுபடி ஈரக்காற்று பட்டால் போச்சு. நிரந்தரமாகச் சுருட்ட வேண்டுமென்றால் கந்தக அணுக்களுக்கு இடையிலான சகப்பிணைப்பை உடைத்து மீண்டும் சேர்க்க வேண்டும். அது தண்ணீரால் ஆகாது, ரசாயனம் வேண்டும். நனைந்த காகிதம் சட்டென்று கிழிவதும் இதே கதை: செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே நீர் புகுந்துவிடுகிறது.

கடைசியாக, ஹைட்ரஜன் பிணைப்பு உண்மையில் 'பிணைப்பு'தானா? வெறும் ஈர்ப்பு விசை இல்லையா?

வேதியியலாளர்களே நெடுங்காலம் இதில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நீரில் ஹைட்ரஜன் இரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே நின்று பிடிக்கிறது என்று லாட்டிமரும் ரோடபுஷும் 1920இல் எழுதினார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் இது மின் ஈர்ப்பு மட்டுமே என்ற பார்வை மேலோங்கியிருந்தது. 2011இல் எலங்கண்ணன் அருணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் புதிய வரையறையை வெளியிட்டது. மின் ஈர்ப்போடு, ஓரளவு எலக்ட்ரான் பரிமாற்றமும் அதில் உண்டு என்று அந்த வரையறை ஏற்கிறது. குறிப்பிட்ட சில தனிமங்களின் பட்டியலோடு அது நின்றுவிடவும் இல்லை.

நான் தொடக்கத்தில் 'உள்ளே', 'இடையே' என்று கோடு கிழித்தேன் அல்லவா? அது நீருக்குச் செல்லும். பொட்டாசியம் ஹைட்ரஜன் டைஃபுளூரைடு என்ற உப்பில் இரண்டு ஃபுளூரின்களுக்கு நடுவே ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. நீரில்போல ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விலகி நிற்கவில்லை. இரண்டுக்கும் சரிநடுவில், இருபுறமும் 114 பிகோமீட்டர் தூரத்தில் நிற்கிறது. பிரிக்க மோலுக்குச் சுமார் 160 கிலோஜூல் வேண்டும். ஃபுளூரின் வாயுவின் சகப்பிணைப்பை உடைக்கவும் ஏறக்குறைய அதே அளவுதான் ஆகும். அந்த ஹைட்ரஜனிடம் போய், இதில் எது உன் சகப்பிணைப்பு, எது ஹைட்ரஜன் பிணைப்பு என்று கேட்டால் அதற்கே சொல்லத் தெரியாது.